மறைத்து வைத்த மாடுகள்: தென்மராட்சிக் கிராமமொன்றில் தோல் கழலை நோய்

பின்னணி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாடு வளர்ப்பு என்றால் பெரும்பாலும் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில், அதில் இரண்டு மூன்று கறவைகள், ஒரு கன்று, சில வீடுகளில் ஒரு நாகு, அவ்வளவுதான். தீனிக்கு வைக்கோல், கிழித்துப் போட்ட பனையோலை, வேலியில் வெட்டிய பூவரசங்குழை, கையில் காசு இருந்தால் புண்ணாக்கும் தவிடும். காலைப் பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போகும். அந்தப் பால் காசில்தான் பிள்ளைகளின் ரியூசன் காசும் கடைக் கொப்பிக் கடனும் தீரும். இந்தச் சம்பவம் தென்மராட்சியில் வயலும் தரவை எனும் மேய்ச்சல் வெளியும் ஒட்டிய ஒரு கிராமத்தில், ஒரு மாரிகாலத்தில் நடந்தது. ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன்.

தோல் கழலை நோய் மாடுகளுக்கும் எருமைகளுக்கும் வரும் வைரசு நோய். ஆட்டம்மை வைரசுக்கு நெருங்கிய உறவுடைய ஒரு வைரசே இதற்குக் காரணம். 1929இல் இன்றைய சாம்பியாவில் முதன்முதலாகப் பதிவாகி, பல பத்தாண்டுகள் ஆபிரிக்கக் கண்டத்துக்குள்ளேயே கிடந்தது. 2019இல் வங்காளதேசத்துக்கும் இந்தியாவுக்கும் வந்தது, 2020இல் இலங்கைக்கு. இங்கே அது முதலில் தலைகாட்டியதும் வடக்கில்தான். ஒரு மந்தையில் வழக்கமாக 100க்கு 10 முதல் 20 மாடுகள் வரை நோய்ப்படும், இறப்பது 1 முதல் 5 வரை என்பது பொதுவான கணக்கு. ஆனால் 2022இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மாடுகள் கூட்டம் கூட்டமாக இறந்து கிடந்த படங்கள் எங்கள் ஊர்க்காரரின் தொலைபேசிகளுக்கும் வந்திருந்தன. ஆட்களின் மனதில் இருந்தது அந்தப் படங்கள்தான், 1க்கும் 5க்கும் இடைப்பட்ட கணக்கு இல்லை.

எங்களுடையது சிறிய தன்னார்வக் குழு. நகரில் தனியாகச் சிகிச்சை செய்யும் நானும் இன்னொரு கால்நடை வைத்தியரும், ஓய்வுபெற்ற கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர் ஒருவரும், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விலங்கு மருத்துவம் படித்து விடுமுறையில் வந்து நின்ற மாணவர்கள் இருவரும், ஊர் இளைஞர் சிலரும் இருந்தோம். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டப்படி நோய்ப் பகுதியை அறிவிப்பதும் மாடுகளின் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவதும் அரசின் வேலை. தன்னார்வலருக்கு அந்த அதிகாரம் கிடையாது. ஆகவே தொடக்கம் முதல் பிரதேசக் கால்நடை வைத்திய அதிகாரியின் கீழேயே வேலை செய்தோம். அவருக்கு வாகனம் இருந்தது, தடுப்பூசி கிடைக்கும் வழி இருந்தது, ஆனால் ஆட்கள் போதவில்லை. நாங்கள் ஆட்களாகப் போனோம்.

முதல் தகவல்

தகவல் எந்த மாட்டுக்காரரிடமிருந்தும் வரவில்லை. மோட்டார் சைக்கிளில் பால் சேர்க்கும் ஒரு தம்பிதான் போதனாசிரியருக்கு அழைப்பு எடுத்தார். ஒரே ஒழுங்கையில், அதாவது ஒரே சிறு தெருவில், மூன்று வீடுகள் ஒரே வாரத்தில் பால் தருவதை நிறுத்திவிட்டன, கேட்டால் கன்று குடித்துவிட்டது என்கிறார்கள், முன்பெல்லாம் கொட்டில் வரை போய்ப் பால் வாங்கியவரை இப்போது படலையிலேயே மறிக்கிறார்கள். இவ்வளவுதான் அவர் சொன்னது.

நோயறிக்கை என்று பார்த்தால் இதில் ஒன்றும் இல்லை. ஆனால் இதைவிட நல்ல முன்னறிவிப்பு எங்களுக்கு வேறெங்கிருந்தும் கிடைத்திருக்காது. மாட்டுக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் குறைவது பால். அந்தக் குறைவை ஊர் முழுக்க ஒரே காலையில் பார்ப்பவர் பால் சேர்ப்பவர் மட்டும்தான்.

கொட்டிலில் கண்டவை

அதிகாரியுடன் நாங்கள் முதலில் போன வீட்டில் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண், அவருடைய மகள், மாமியார் ஆகியோர் இருந்தனர். இரண்டு மாடுகளில் ஒன்று கடன் எடுத்து வாங்கிய ஜேர்சிக் கலப்பு, மற்றது நாட்டு மாடு. கலப்பு மாடு கொட்டிலின் மூலையில், சாக்கு மறைப்புக்குப் பின்னால் நின்றது. கழுத்து, முதுகு, தொடை, மடி எங்கும் இரண்டு முதல் ஐந்து சென்ரிமீற்றர் அகலத்தில் உருண்டையான, கெட்டியான கழலைகள். முன் நெஞ்சில் நீர் கோர்த்துத் தொங்கியது. ஒரு முன்காலும் வீங்கி, நொண்டியது. தோளுக்கு முன்னால் இருக்கும் நிணக்கட்டி கையில் தெளிவாகத் தட்டுப்பட்டது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது. காய்ச்சல் 41 பாகை செல்சியசுக்கு மேல். பக்கத்தில் நின்ற நாட்டு மாட்டுக்கு விலாவில் நாலைந்து சிறு கழலைகள் மட்டும். அது தீனியும் எடுத்தது. கலப்பு இனங்களை இந்த நோய் கடுமையாகத் தாக்குவதும் நாட்டு மாடுகள் ஓரளவு தாக்குப் பிடிப்பதும் வழக்கமாகக் காண்பதுதான்.

வேறு நோயாக இருக்கலாமா என்றும் பார்த்தோம். பூச்சிக்கடித் தடிப்பு என்றால் ஒன்றிரண்டு நாளில் அமிழ்ந்துவிடும். இவை ஒரு வாரமாக நிற்கின்றன என்று மகள் சொன்னார். காலையும் வாயையும் பிடிக்கும் கோமாரி என்றால் நாக்கிலும் குளம்பிடுக்கிலும் கொப்பளம் இருக்க வேண்டும். வாயைத் திறந்தும் குளம்பைத் தூக்கியும் பார்த்தோம், இல்லை. மேல்தோலோடு நின்றுவிடும் போலிக் கழலை நோய் ஒன்றும் உண்டு. ஆனால் இங்கே கழலை தோலின் முழுத் தடிப்பையும் பிடித்து உள்ளே இறங்கியிருந்தது. பொருக்கும் இரத்தமும் எடுத்து, அதிகாரி ஊடாகக் கன்னொறுவை மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினோம். பின்னால் வந்த முடிவு நோயை உறுதிப்படுத்தியது.

நாங்கள் கைகழுவிக்கொண்டு நின்றபோது அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “பிள்ளை, நான் வேணுமெண்டு ஒளிக்கேல்லை. இந்த மாட்டுப் பால்தான் எங்கட அடுப்பு. வருத்தம் எண்டு தெரிஞ்சா எங்கட பாலை மட்டுமில்லை, இந்த ஒழுங்கைப் பாலையே எடுக்க மாட்டினம். பிறகு சனம் எங்களைத்தானே ஏசும்?”

அவர் பயந்தது நடந்துகொண்டும் இருந்தது. செய்தி வெளியே கசிந்த அன்றே அந்த ஒழுங்கையின் பால் முழுவதையும் ஒரு சேகரிப்பு நிலையம் திருப்பி அனுப்பியது. அதற்கு மறுநாள் இன்னும் இரண்டு வீடுகள் எங்களுக்குப் படலை திறக்கவில்லை.

நோய் எந்த வழியாக ஓடியது

அன்று மாலையே போதனாசிரியர் ஒரு கொப்பியில் ஒழுங்கைகளை வரைந்தார். எந்த வீட்டில் எத்தனை மாடு, எது தரவைக்குப் போகிறது, எது கட்டித் தீனி, எந்த மாடு அண்மையில் வாங்கியது, யாருடைய பசு யாருடைய காளையிடம் போனது. ஊரில் பல காலம் வேலை செய்தவர் என்பதால் பாதியை அவர் மனதிலிருந்தே எழுதினார். மீதியைப் பால்காரத் தம்பியும் ஊர்ப் பெண்களும் நிரப்பினார்கள்.

படத்தில் மூன்று விடயங்கள் தெரிந்தன. நோய் முதலில் கண்ட வீட்டுக்கு அடுத்த வளவில், சில வாரங்களுக்கு முன் வன்னிப் பக்கமிருந்து இரவில் கொண்டுவந்த ஒரு மாடு நின்றது. அதன் தோலில் ஆறிய வடுக்கள் இருந்தன. நோய் உடலில் புகுந்து வெளியே தெரிய நாலு வாரம் வரை எடுக்கும் என்பதால் காலக்கணக்கும் பொருந்தியது. இரண்டாவது, ஊரின் ஒரேயொரு இனவிருத்திக் காளை. இந்த வைரசு விந்திலும் வெளிவரும். சினைக்காகப் பசுக்கள் அந்த வளவுக்கு நடத்திக் கொண்டுபோகப்பட்டிருந்தன. மூன்றாவது, வீடு வீடாகப் போய் மாட்டுக்கு ஊசி போடும் ஒருவர். படிப்பு இல்லை, ஆனால் கைராசிக்காரர் என்று பெயர். ஒரே ஊசியைத் துடைத்துவிட்டு அடுத்த மாட்டுக்கும் போடுவார். காய்ச்சல் தொடங்கிய வீடுகளில் பல அவரைத்தான் முதலில் கூப்பிட்டிருந்தன.

இவையெல்லாம் பெரிய பாய்ச்சல்கள். வீட்டுக்கு வீடு, கொட்டிலுக்குக் கொட்டில் நோயைக் கொண்டு திரிவது இரத்தம் குடிக்கும் பூச்சிகள்: கடிக்கிற மாட்டிலையான், நுளம்பு, உண்ணி. மாரியில் வைக்கோலும் சாணமும் மூத்திரமும் கலந்து ஊறிக் கிடக்கும் இடம்தான் மாட்டிலையான் பெருகும் இடம். டெங்கைப் பரப்பும் நுளம்பும் இந்த வைரசை மாட்டுக்கு மாடு கடத்தக்கூடியது என்று ஆய்வுகூடத்தில் காட்டியிருக்கிறார்கள். குடாநாட்டில் டெங்கு கூடும் மாதங்களும் இவையே.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, ஆய்வுகூட முடிவுக்காகக் காத்திருப்பதில்லை என்பது. அறிகுறிகள் போதுமான அளவு தெளிவாக இருந்தன. மாடுகள் நகர்வதை நிறுத்துவதற்கு அதிகாரி உடனே அறிவித்தல் கொடுத்தார். கிராம அலுவலர் அதை வீடுகளுக்குக் கொண்டுபோனார்.

இரண்டாவது முடிவில்தான் அதிகம் வாக்குவாதப்பட்டோம். கையில் இருந்த தடுப்பூசி ஊருக்கும் சுற்றுப்புறத்துக்கும் ஒரே நேரத்தில் போதாது. எங்கே தொடங்குவது? நோய் கண்ட ஒழுங்கைக்காரர் எங்களுக்குத்தான் முதலில் என்றார்கள். அது நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் வெளியிலிருந்து உள்ளே வருவது என்று தீர்மானித்தோம். இது நலிவாக்கிய உயிர் வைரசுத் தடுப்பூசி. முழுப் பாதுகாப்பு வர ஏறக்குறைய மூன்று வாரம் வேண்டும். நோய் கண்ட ஒழுங்கையில் கழலை இல்லாமல் நிற்கும் மாடுகளில் பல ஏற்கெனவே வைரசை உள்ளே வைத்திருக்கும். அங்கே முதலில் போட்டால் மருந்து பாதி வீணாகும், பிறகு கழலை வரும்போது ஊசியால்தான் வந்தது என்ற பேச்சும் எழும். சுற்றியுள்ள கிராமங்களில் போட்டால் வளையத்துக்குள் நோய் நிற்கும். அந்த ஒழுங்கையின் சுகமான மாடுகள் கடைசியில் போடப்படும் என்று திகதி குறித்துக் கொடுத்தோம். குறித்த அந்தத் திகதியில் போகவும் செய்தோம். போகாமல் விட்டிருந்தால் அதற்குப் பிறகு யாரும் எங்களை நம்பியிருக்கப் போவதில்லை.

மூன்றாவது, குழுவை இரண்டாகப் பிரித்தது. சுகமான கொட்டில்களுக்குப் போகிறவர்கள் நோய்க் கொட்டில்களுக்குள் கால் வைக்கவில்லை. நோய்க் கொட்டில் குழு வெளியே வந்ததும் சப்பாத்து, கயிறு, வாளி எல்லாவற்றையும் சவர்க்காரத்தால் கழுவி, குளோரின் கரைசலில் ஊறவைத்தது. காய்ந்த பொருக்கில் இந்த வைரசு ஒரு மாதத்துக்கும் மேல் உயிரோடு இருக்கும். ஆனால் வெயிலையும் சவர்க்காரத்தையும் தாங்காது. மாரியில் வெயிலை நம்ப முடியாததால் சவர்க்காரத்தைத்தான் நம்பினோம்.

ஊசியில் ஒரு விதி. ஒரு மாட்டுக்கு ஒரு ஊசி. மருந்துப் புட்டியின் மூடியில் ஒரு ஊசி எப்போதும் குத்தியபடி இருக்கும், மருந்தை உறிஞ்சுவது அதனால் மட்டும், அது எந்த மாட்டையும் தொடாது. கரைத்த மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பதால், ஒழுங்கையின் மாடுகள் எல்லாம் கட்டியாகிவிட்டன என்று இளைஞர்கள் சொன்ன பிறகே புட்டியை உடைத்தோம். போட்ட இடத்தில் வீக்கம் வரலாம், லேசான காய்ச்சல் வரலாம், சில நாள் பால் குறையலாம் என்று ஊசி போட முன்னரே ஒவ்வொரு வீட்டிலும் சொன்னோம்.

பால் பிரச்சினை

எங்கள் பார்வையில் இந்த நோய்த்தடுப்பு நின்றதும் விழுந்ததும் பாலில்தான். ஆட்கள் மாட்டைக் காட்டினால் பால் காசு நின்றுவிடும் என்றால், எந்தச் சட்டம் இருந்தாலும் மாட்டைக் காட்ட மாட்டார்கள்.

அதிகாரி சேகரிப்பு நிலையத்துக்கு எழுத்தில் கொடுத்தார்: இந்த நோய் மனிதருக்குத் தொற்றாது. கழலை உள்ள மாட்டின் பாலும் சிகிச்சை மருந்து ஏறிய மாட்டின் பாலும் அனுப்பப்படாது, மற்ற மாடுகளின் பால் வழமைபோலக் காய்ச்சிப் பாவிக்கத் தக்கது. எந்த வீட்டில் எந்த மாட்டின் பால் வரலாம் என்ற பட்டியலை ஒவ்வொரு காலையும் பால்காரத் தம்பியின் தொலைபேசிக்கு அனுப்பினோம். அவர் அந்த ஒழுங்கைக்குக் கடைசியாகப் போனார், உள்ளே போகாமல் படலையில் வாங்கினார். இரண்டு மூன்று நாள் இழுபறிக்குப் பின் நிலையம் பாலை ஏற்றது. பாலே இல்லாமல் போன வீடுகளுக்கு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் தன் சுழற்சி நிதியிலிருந்து தவிட்டுக்கும் புண்ணாக்குக்கும் கடன் கொடுத்தது.

பால் ஏற்கப்பட்ட செய்தி பரவியதும் மூடியிருந்த படலைகள் திறந்தன. எங்களுக்குத் தெரியாமல் இருந்த நோய் மாடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கொப்பியில் நோயாளிகளின் எண்ணிக்கை அந்த வாரம்தான் அதிகம் கூடியது. வெளியிலிருந்து பார்த்தவர்கள் நோய் கட்டுமீறிவிட்டது என்றார்கள். உண்மையில் அதுவரை மறைந்திருந்தது கண்ணுக்குத் தெரிந்தது.

அம்மாளும் ஊசியும்

முதல் வீட்டின் மாமியார் இதை அம்மாள் வருத்தம் என்றே பார்த்தார். கொட்டில் வாசலில் வேப்பங்குழை கட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார். அம்மாள் வந்த உடம்பில் ஊசி ஏற்றினால் கோபம் வரும் என்பது அவருடைய பயம். அந்த ஒழுங்கையில் வயதானவர்கள் பலர் அப்படித்தான் நினைத்தார்கள்.

இதில் அவரோடு மல்லுக்கட்ட எந்தக் காரணமும் இருக்கவில்லை. மாட்டைத் தனியே கட்டுவதும், வெளியார் வராமல் வேப்பங்குழை கட்டுவதும், கொட்டிலைக் கழுவுவதும் நாங்கள் சொல்ல வந்தவைதான். ஊசிக்கு அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: செவ்வாயும் வெள்ளியும் வேண்டாம். ஒத்துக்கொண்டோம். அந்த நாட்களில் புண் கழுவுவதையும் கஞ்சி பருக்குவதையும் மட்டும் செய்தோம். அதன் பிறகு அடுத்த வீடுகளுக்கு அவரே ஆள் அனுப்பி, “டொக்டர்மார் சொன்ன சொல்லுக் கேக்கினம், போடுங்கோ” என்று சொல்லியிருக்கிறார்.

இந்த வைரசைக் கொல்லும் மருந்து கிடையாது. காய்ச்சலும் வலியும் குறைய மருந்து, புண்ணில் சீழ் பிடித்தாலோ நெஞ்சுச்சளி கட்டினாலோ மட்டும் அன்ரிபயோற்றிக், இவ்வளவே. எல்லா மாட்டுக்கும் அன்ரிபயோற்றிக் போடச் சொல்லிக் கேட்டவர்கள் இருந்தார்கள். மறுத்தோம். அது வைரசுக்கு வேலை செய்யாது, பாலிலும் தங்கும். உடைந்த கழலைகளை உப்புத் தண்ணீரால் கழுவி, இலையான் மொய்த்துப் புழு வைக்காமல் இருக்க வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசினார்கள். தமிழ்நாட்டிலிருந்து தொலைபேசியில் வந்த வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் அரைத்துக் கொடுக்கும் முறையையும் சில வீடுகள் செய்தன. தீனி எடுக்க வைக்கிறது என்றார்கள், தடுக்கவில்லை. நோயிலிருந்து எழும்பிய மாடுகளைப் பார்த்தால், நாளுக்குப் பல தடவை கையால் கஞ்சியும் தண்ணீரும் கொடுத்து, காலாற எழுப்பி நிறுத்திய வீடுகளின் மாடுகளே அதிகம். இந்த வேலையை அனேகமாக எல்லா வீடுகளிலும் பெண்கள்தான் செய்தார்கள்.

பூச்சியும் புதைகுழியும்

பூச்சிக் கட்டுப்பாட்டுக்குப் பொது சுகாதாரப் பரிசோதகரோடு சேர்ந்தோம். அவர் டெங்குக்காக வளவு பார்க்க வரும் அதே நடையில் கொட்டில் மூலையில் ஊறிய வைக்கோலையும் அள்ளச் சொன்னார். மாலையில் வேப்பங்குழைப் புகை. கன்றுகளுக்குப் பழைய நுளம்பு வலை.

இறந்த மாடுகளைப் புதைப்பது நினைத்ததைவிடச் சிக்கலாக இருந்தது. யாழ்ப்பாணத்தின் குடிநீர் சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் நிலத்தடி நீர். மேலே விழுவது கல்லின் வெடிப்பு வழியே விரைவில் கிணற்றுக்கு இறங்கும். மாரியில் நீர்மட்டம் வேறு காலடிக்கு வந்துவிடும். ஆழமாகத் தோண்டு என்ற பொதுவான அறிவுரையை அப்படியே செய்தால் குழியில் தண்ணீர்தான் ஊறும். கிணறுகளுக்குத் தூரமாக, மேடான மணற் தறையொன்றைப் பிரதேச சபை காட்டித் தந்தது. சுண்ணாம்பு போட்டு, மேலே மண்ணை உயர்த்தி மூடினோம். தோலுக்கு விலை பேச வந்தவரை ஊர்க்காரரே திருப்பி அனுப்பினார்கள்.

பட்டிப்பொங்கல்

தை பிறக்கும்போது நோய் இன்னும் முழுமையாக அடங்கவில்லை. பட்டிப்பொங்கலுக்கு மாடுகளைக் குளத்தில் குளிப்பாட்டி, மாலை போட்டு, ஒன்றாகக் கூட்டுவது ஊர் வழக்கம். குளக்கரையில் ஆவுரஞ்சிக் கல்லும் உண்டு. வருகிற மாடெல்லாம் அதில் உரசும். பொருக்கு உதிரும் காலத்தில் அது நல்லதல்ல என்று எங்களுக்குத் தோன்றியது. பூச்சியை விட அது சிறிய அபாயம்தான், ஆனாலும் விலக்கக்கூடியது. கோயில் நிர்வாகத்தோடு பேசினோம். அந்த வருடம் ஒவ்வொரு வீடும் தன் கொட்டிலிலேயே குளிப்பாட்டிப் பொங்குவது என்றும், குளக்கரைக் கல்லைச் சுற்றிக் கதியால் நட்டு மறைப்பது என்றும் அவர்களே முடிவு செய்தார்கள். வருத்தப்பட்டவர்கள் இருந்தார்கள், மீறியவர்கள் இல்லை.

விளைவு

மாசி நடுப்பகுதியில் புதிய நோயாளி வருவது நின்றது. வளையத்தில் தடுப்பூசி போட்ட கிராமங்களில் பெருந்தொற்று ஏற்படவில்லை. ஒரு வீட்டில் மட்டும் ஒரு நாகுக்கு நோய் வந்தது. ஊசி போட்ட அன்று அது தரவையில் நின்றதால் கணக்கில் விடுபட்டிருந்தது. நோய் கண்ட ஒழுங்கையில் இறந்தவை பெரும்பாலும் கன்றுகள், கலப்பு மாடு ஒன்றும் இறந்தது. சினை கலைந்து கன்று விழுந்த பசுக்களும் உண்டு.

முதல் வீட்டுக் கலப்பு மாடு பிழைத்தது. ஆனால் அந்த ஈற்றில் பழைய பால் திரும்பவில்லை. மடியில் ஒரு காம்பு அடைத்துப்போனது. அதன் கன்று இறந்துவிட்டது. மாட்டுக் கடன் மட்டும் அப்படியே இருக்கிறது. சங்கம் தவணையைத் தள்ளிப் போட்டிருக்கிறது, வட்டியைத் தள்ளவில்லை. நோயைக் கட்டுப்படுத்திவிட்டோம் என்று எழுதும்போது இந்த வீட்டின் கணக்கையும் அதோடு எழுதத்தான் வேண்டும்.

கட்டாக்காலி மாடுகள் தீராத பகுதி. உரியவர் இல்லாத அல்லது உரியவர் முன்வராத மாடுகள் மழையில் தார் வீதியின் சூட்டுக்கு வந்து இரவில் படுக்கும். விடியப்புறம் இளைஞர்களோடு கயிறு எறிந்து பிடித்து ஊசி போட்டோம். பிடிபட்டவை பாதியளவுதான். மீதி அடுத்த மாரிக்கு அப்படியே நிற்கின்றன.

அடுத்த தடவை மாற்ற வேண்டியவை

பால் பற்றிய ஏற்பாடு நோய் வரும் முன்னரே எழுத்தில் இருக்க வேண்டும். நோய் வந்த பிறகு பேசத் தொடங்கியதால் மாடுகள் மறைந்திருந்த நாட்கள் கூடின. சேகரிப்பு நிலையம், அதிகாரி, சங்கம் மூவரும் இப்போது ஒரு ஒப்புதல் வரைவு வைத்திருக்கிறார்கள். பால் சேர்ப்பவர்கள் எல்லோருக்கும், ஒரே ஒழுங்கையில் பால் குறைந்தால் யாரை அழைப்பது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

ஊசி போட்டுத் திரிந்தவரை முதலில் எல்லோரும் விரட்டத்தான் நினைத்தார்கள். விரட்டினால் அவர் இரவில் போவார், அவ்வளவுதான். போதனாசிரியர் அவரைக் கூப்பிட்டு மாடு பிடிக்கவும் வீடு காட்டவும் வைத்தார். எந்தக் கன்று எந்தப் பசுவுடையது என்று அவருக்குத் தெரிந்த அளவு எங்களில் யாருக்கும் தெரியாது. சட்டப்படி அவர் மருந்து ஏற்ற முடியாது, அதை அவரிடம் தெளிவாகச் சொல்லியாயிற்று. ஆனால் அடுத்த தடவை முதல் நாளே அவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

இனவிருத்திக் காளைக்குப் பதில் செயற்கை முறைச் சினைப்படுத்தலை அந்த ஊருக்கு ஒழுங்காகக் கொண்டுவர அதிகாரி முயல்கிறார். பசு சினைக்கு வேட்கை கண்ட அன்றே ஆள் வர வேண்டும் என்பதால் இது ஆட்பற்றாக்குறையோடு முட்டுகிறது. அதுவரை, வெளியிலிருந்து வாங்கும் மாட்டை நாலு வாரம் தனியே கட்டுவது என்று சங்கம் தீர்மானம் எடுத்திருக்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது காலம். ஐப்பசி மழைக்குப் பின் ஊசி போடுவது நோயின் பின்னால் ஓடும் வேலை. ஆவணியில், தரவை காய்ந்து மாடுகள் வீட்டருகே நிற்கும்போது போட்டு முடித்தால் பூச்சி பெருகும் முன் பாதுகாப்பு ஏறிவிடும். போதனாசிரியரின் கொப்பியை மாணவர்கள் சுத்தமாகப் பிரதி எடுத்து, காதுப் பட்டி இலக்கங்களோடு அலுவலகத்தில் கொடுத்திருக்கிறார்கள். பட்டி இல்லாத மாடுகளுக்கு நிறமும் கொம்பின் வளைவும் வீட்டின் திசையும் எழுதியிருக்கிறது. ஆவணிச் சுற்று அந்தக் கொப்பியில் உள்ள வரிசைப்படி, இந்தத் தடவை நோய் கண்ட ஒழுங்கையிலிருந்தே தொடங்கும்.